கறுப்புக் கட்டத்தில் இரண்டு ராஜாக்கள்

முதுகுக்குப் பின்னால் ஷட்டர் இறங்கிய சத்தத்தில் கரீமுல்லா சட்டென்று திரும்பினான்.

"இன்னாத்துக்குய்யா பூட்ற?" என்றான்.

"மொதலாளி உத்தரவு." பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான் காவலாளி. "உள்ள வர்றவங்க வரலாம். வெளிய யாரும் போவக் கூடாது."

"எங்களைக் கூப்ட்டதே உங்க மொதலாளிதான்."

"உங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னாரு."

கரீமுல்லாவுக்கு மூடின இடம் ஆகாது. எத்தனை மாடியானாலும் லிஃப்டில் ஏறமாட்டான், படிதான். முப்பத்தாறு வயது ஆண்பிள்ளை இதை வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா? அதனால் பயம் வரும்போதெல்லாம் வாயைத் திறந்து எதையாவது பேச ஆரம்பித்துவிடுவான். மேற்கு மாம்பலத்தில் பாத்திரக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் சுலோச்சனாவிடம் எட்டு வருடமாக உதவியாளனாக இருக்கிறான். அவன் ரொம்பப் பேசினால் ரொம்பப் பயந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததாக இதுவரை அவள் காட்டிக்கொண்டதில்லை.

தி.நகரில், உஸ்மான் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருந்த அந்தக் கல்யாண மண்டபத்தில் மூன்று நாளாகச் செஸ் போட்டி. மணமேடை இருக்க வேண்டிய இடத்தில் கோப்பைகள் அடுக்கியிருந்தன. அவற்றுக்குப் பின்னால் சுவரை மறைத்துக்கொண்டு ஒரு பேனர். 'சுயம்பு சில்க்ஸ் வழங்கும் மாநிலத் தேர்வுப் போட்டி' என்று மேலே. கீழே, பட்டுப்புடவையோடு சிரிக்கும் ஒரு பெண்ணின் படமும், 'வீட்டிலிருந்தே வீடியோ காலில் புடவை பாருங்கள்' என்று ஒரு ஃபோன் எண்ணும்.

பேனருக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் கடை முதலாளி சுயம்புலிங்கம். ஐம்பத்தெட்டு வயது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினைந்து வயதில் ரயிலேறி வந்தவர். சென்னை அவரைப் பெரிய மனிதராக்கியதே தவிர, பேச்சை மாற்ற முடியவில்லை.

"அஞ்சு மணி நேரமா எம்புள்ளயக் காணோம்மா," என்றார். "காலைல பத்து மணிக்குக் கடைசி ஆட்டம். முதல் பலகைல எம்புள்ள பாலகணேஷும் சேரன்னு ஒரு பயலும். பத்தே முக்காலுக்கு முடிஞ்சி போச்சு. எம்புள்ள ஜெயிச்சிட்டான். சால்வையோட வாசல்ல நிக்கேன், புள்ளயக் காணோம். ரெண்டு பேரும் பின்பக்கமாப் போனதை ஆளுக பாத்திருக்காக. தேடிப் போனா அந்தப் பய மட்டும் நிக்கான். அவன் பையைத் திறந்தா, உள்ள எம்புள்ள கோட்டு!"

"சேரன் எங்கே இப்போ?"

"பாத்திர ரூம்ல பூட்டிப் போட்டிருக்கு. வாயைத் திறக்க மாட்டேங்கான். மத்த ஆட்டக்காரங்களை எல்லாம் சோதிச்சு அனுப்பியாச்சு. அஞ்சு மணிக்கு இன்ஸ்பெக்டர் வாராரு. பேப்பர்ல பேரு வாரதுக்குள்ள எம்புள்ள கிடைக்கணும்னுதான் ஒங்களக் கூப்பிட்டேன். அதுவரைக்கும் ஒருத்தரும் வெளிய போவப்பிடாது."

கரீமுல்லா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நாலு பத்து. ஜன்னல்களையும் பார்த்தான். எல்லாம் உயரத்தில், கம்பி போட்டு.

"ஜெயிச்சவருக்கு என்ன கிடைக்கும்?" என்றாள் சுலோச்சனா.

"ஸ்டேட் டீம்ல ஒரே ஒரு இடம். அஞ்சு மணிக்கு நடுவர் லிஸ்டை அனுப்பணும். டீம்ல இடம் கிடைச்சாத்தான் சேத்துக்கிடுவேன்னு வெளிநாட்டு கோச் சொல்லியிருக்காரு. அடுத்த வாரம் எம்புள்ள அங்க போறான். ரெண்டு வருசம் கோச் வீட்டுலயே தங்கிப் படிக்க. டிக்கெட் எடுத்தாச்சு." அவர் குரல் உடைந்தது. "பதிமூணு வருசம்மா. ஒம்பது வயசுலேருந்து அவன் ஆடுதான், நான் வாசல்ல நிக்கேன்."

அழுகிற அப்பாவைக் கிண்டல் செய்ய கரீமுல்லாவுக்கு மனசு வரவில்லை. சுலோச்சனா கூடத்துக்குள் இறங்கி நடந்தாள்.

மற்ற மேஜைகளை எல்லாம் கழுவித் துடைத்து அடுக்கிவிட்டார்கள். முதல் பலகை மட்டும் நான்கு நாற்காலிகளுக்கு நடுவே, கயிறு கட்டி, அப்படியே இருந்தது. பக்கத்தில் தலைமை நடுவர் கதிரேசன் நின்றார். பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர். மின்விசிறி தலைக்கு நேர் மேலே சுற்றியும் அவருக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

பலகையில் காய்கள் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தன. நட்டநடுவில் இரண்டே இரண்டு காய்கள். வெள்ளை ராஜா ஒன்று, கறுப்பு ராஜா ஒன்று, குறுக்காக அடுத்தடுத்த கட்டங்களில்.

"இதை யாராவது தொட்டாங்களா?" என்றாள் சுலோச்சனா.

"இல்ல மேடம். பசங்க எழுந்ததும் நானே கயிறு கட்டிட்டேன்."

"ராஜா ரெண்டும் நடுவுல எதுக்கு நிக்குது?"

கதிரேசன் கயிற்றைச் சரிசெய்தார். "அது... ஒரு வழக்கம் மேடம். ஆட்டம் முடிஞ்சா கை குலுக்கிட்டு வைக்கிறது."

"எனக்கும் தெரியும். பேங்க்ல வேலை பார்த்தப்ப அஞ்சு வருஷம் ஆடியிருக்கேன். வெள்ளை ஜெயிச்சா ரெண்டு ராஜாவையும் வெள்ளைக் கட்டத்துல வைக்கணும். கறுப்பு ஜெயிச்சா கறுப்புக் கட்டத்துல. தூரத்துலேர்ந்தே நடுவருக்கு ரிசல்ட் தெரியணும்னு." அவள் குனிந்து பார்த்தாள். "பாலகணேஷுக்கு எந்தக் காய்?"

"வெள்ளை."

ராஜாக்கள் இருவரும் கறுப்புக் கட்டங்களில் நின்றிருந்தார்கள்.

"ஆக, பொய் சொல்றது இந்த ராஜாங்களா, இல்ல நீயா நைனா?" என்றான் கரீமுல்லா.

கதிரேசன் மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"முதலாளி வாசல்லயே நின்னார் மேடம். நான் வெளிய வந்ததும் 'ஜெயிச்சிட்டான்லா?'ன்னார். கையில சால்வை வேற. என் வாயில ஆமான்னு வந்துடுச்சு. அடுத்த நிமிஷம் ஸ்வீட் பாக்ஸ் வருது, ஃபோட்டோ எடுக்கறாங்க. அப்புறம் எப்படி இல்லைன்னு சொல்றது? ரிசல்ட் போர்டுல வெள்ளைன்னு எழுதி ஒட்டிட்டேன். பையனே வந்து சொல்லிடுவான்னு நினைச்சேன். பையனைக் காணோம்." அவர் முகத்தைத் துடைத்தார். "ஜெயிச்சது சேரன்தான். போட்டி முழுக்க அவன்தான் அரைப் பாயின்ட் முன்னால. இன்னிக்கு டிரா பண்ணியிருந்தாலே அவனுக்குத்தான் இடம்."

"அஞ்சு மணிக்கு நீங்க என்ன பேரை அனுப்பப் போறீங்க?"

அவர் சட்டைப்பையை ஒரு கையால் பொத்திக்கொண்டார். கரீமுல்லாவுக்கு அந்த ஆள் மேல் கோபம் வந்தது. கூடவே, பாவமாகவும் இருந்தது.

பாத்திர ரூம் பின்பக்கம். ஆள் உயர அண்டாக்களும் குண்டான்களும் கூரை வரை அடுக்கியிருந்தன. ஜன்னல் கிடையாது. கதவைத் திறந்ததும் பழைய சாம்பார் வாசனை அடித்தது. கரீமுல்லா வாசற்படியிலேயே நின்றான்.

"நான் கதவைப் பாத்துக்கினு கீறேன் மேடம். தானா சாத்திக்கிற கதவு போலகீது."

சேரன் ஒரு கவிழ்த்த அண்டாவின் மேல் உட்கார்ந்திருந்தான். இருபத்துநாலு வயது. அடையாற்றுக் கரையிலிருந்த குடிசைகளை எடுத்தபோது பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒன்று அவனுடையது. பகலில் பைக்கில் சாப்பாடு டெலிவரி. வீடு திரும்பினால் செஸ். ஸ்டேட் டீமில் பெயர் வந்தால் விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்காக ஆறு வருடம் காத்திருந்தவன் அவன்.

"இன்னா கேட்டாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றான்.

"கேக்கவே இல்லையே," என்றாள் சுலோச்சனா. "நீ ஜெயிச்சேன்னு சொல்லத்தான் வந்தேன்."

"அத்த இல்லைன்னு யாரு சொன்னது?"

"வெளியே போர்டுல வெள்ளைன்னு போட்டிருக்கு."

சேரன் விருட்டென்று எழுந்தான். ஒரு குண்டான் உருண்டு சுவரில் மோதியது. கை முஷ்டி இறுகியது. பிறகு என்ன நினைத்தானோ, மெதுவாக மறுபடி உட்கார்ந்தான்.

"அஞ்சு மணிக்கு லிஸ்ட் பூடும்ல?"

"போயிடும். போலீஸும் வரும். ஆள்கடத்தல்னு எழுதினா கோட்டா வேலையை மறந்துட வேண்டியதுதான். பாலகணேஷ் எங்கே போனான்னு ஒரு வார்த்தை சொல்லு."

"தெரியாது மேடம். சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் சொல்ல மாட்டேன். வாக்கு குட்த்துட்டேன்."

"உன்னைக் கடத்தல்காரன்னு உள்ள தள்ளப் போறாங்கோ, நீ வாக்கைக் காப்பாத்திக்கினு கீற," என்றான் கரீமுல்லா. "உங்கம்மா வந்து அழும்போது இன்னா சொல்லுவ?"

சேரன் தலையைக் குனிந்துகொண்டான். "எங்கம்மா காலைல சாமிக்குத் தேங்கா உடைச்சுட்டு அனுப்பிச்சுது சார்," என்றான்.

வெளியே அவன் பை கிடந்தது. அதில் பாலகணேஷின் நீலக் கோட்டு, மார்பில் கடையின் பெயரோடு. சுலோச்சனா கோட்டின் உள்பையில் கையை விட்டு, விரல் அகலத்தில் மடித்த ஒரு இளஞ்சிவப்புக் காகிதத்தை எடுத்தாள். ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு நகர்வையும் எழுதும் தாளின் கார்பன் நகல். அசல் நடுவரிடம் போகும், நகல் ஆடியவனிடம் இருக்கும். மேலே பாலகணேஷின் பெயர். மொத்தம் ஒன்பது நகர்வு. கடைசியில் 'கறுப்பு வெற்றி' என்பதற்கான எண்கள், இரண்டு கையெழுத்துகள்.

அவள் அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு முதல் பலகைக்குப் போய்க் காய்களை அடுக்கினாள்.

"கரீம், உனக்குச் செஸ் தெரியுமா?"

"கேரம் தெரியும். ஸ்ட்ரைக்கர் இல்லாத ஆட்டம் இன்னா ஆட்டம் மேடம்?"

"சும்மா பாரு. வெள்ளை ராணிக்கு முன்னால நிக்கற சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளறான். கறுப்பும் அதையே செய்யறான். ரொம்பப் பழைய ஆரம்பம். அப்புறம் வெள்ளை பிஷப் கறுப்புக் குதிரையைக் குறி வெச்சு நிக்குது. குதிரைக்கு நேர் பின்னால கறுப்பு ராணி. குதிரை நகர்ந்தா ராணி போயிடும். அப்ப குதிரை நகருமா?"

"பொண்டாட்டிய வுட்டுட்டு எவன் ஓடுவான்?"

"அந்த நம்பிக்கையில வெள்ளை இங்க நடுவுல இருக்கற சிப்பாயை எடுக்கறான். பார்த்தா இலவசம். ஆனா குதிரை நகர்ந்துடுது! ராணி போனாப் போகட்டும்னு விட்டுடறான் கறுப்பு. வெள்ளை ராணியை எடுக்கறான். அடுத்த நகர்வுல கறுப்பு பிஷப் வந்து 'செக்' சொல்லுது. ராஜாவுக்கு ஓட இடமில்லை. ஒரே வழி, வெள்ளை தன் ராணியைக் கொண்டாந்து குறுக்கே நிறுத்தணும். அதுவும் போச்சு. எல்லாம் முடிஞ்சு எண்ணிப் பார்த்தா கறுப்புகிட்ட ஒரு குதிரை அதிகம்."

கரீமுல்லா உதட்டைப் பிதுக்கினான். "செம பொறி. பையன் மாட்டிக்கினான்."

சுலோச்சனா குரலைத் தாழ்த்தினாள். "இது கோடை விடுமுறை வகுப்புல பத்து வயசுப் பசங்களுக்கு முதல் வாரம் சொல்லித் தர்ற பொறி. பதிமூணு வருஷம் ஆடினவன், ஸ்டேட் அளவுல ரெண்டாவது இடத்துல இருக்கறவன், இதுல விழ மாட்டான். தூக்கத்துல கூட."

"அப்டின்னா?"

"தானா நடந்து போய் விழுந்திருக்கான். ஜெயிச்சா வெளிநாடு, ரெண்டு வருஷம். அவனுக்குப் போக வேண்டாம்."

கரீமுல்லாவுக்கு இப்போது பாத்திர ரூமில் பார்த்த முகம் புரிந்தது. எதிராளி வேண்டுமென்றே தோற்றான் என்று சேரன் வாயைத் திறந்தால், பேசி வைத்த ஆட்டம் என்று இரண்டு பேர் பெயரையும் அடித்துவிடுவார்கள். திறக்காவிட்டால் போலீஸ். எட்டு பேரை நேர்மையாக ஜெயித்து வந்தவன் ஒன்பதாவது ஆளின் தயவால் இப்படி மாட்டிக்கொண்டிருக்கிறான்.

"அவனுக்கு ரெண்டு பக்கமும் ஷட்டரைப் போட்டுட்டானுங்களே மேடம்," என்றான். "இத்த முதலாளிகிட்ட சொல்லப் போறியா?"

"நான் ஆள் தேட வந்தேன். ஆட்டத்துக்கு விளக்கம் சொல்ல வரலை. நீ போய்ப் பின் கேட்டு ஆள்கிட்ட பேசு."

பின் கேட்டிலிருந்த காவலாளி பெயர் மெஹபூப் அலி. காலையில் பூட்டுவதற்கு முன் யார் யார் வெளியே போனார்கள் என்று கேட்டதும், விரல் விட்டுச் சொன்னார். தண்ணி கேன் போடுகிறவர். சமையல்காரர் ஒருத்தர், வெற்றிலை வாங்க. அப்புறம் ஒரு டெலிவரி ஆள்.

"டெலிவரி ஆளா? மூஞ்சைப் பாத்தீங்களா பாய்?"

"ஹெல்மெட் போட்டுக்கினு இருந்தான். சிவப்பு டீ-ஷர்ட்டு. அவன் மூஞ்சை எவன் பாக்கறான்?"

கரீமுல்லா கூடத்தைப் பார்த்தான். வாசல் மேஜையில் இன்னும் அந்தப் பலகை இருந்தது: 'செல்ஃபோன் அனைத்தும் இங்கே ஒப்படைக்கவும்.' ஆடுகிறவர்கள், பெற்றோர், நடுவர்கள், சமையல்காரர்கள் வரை எல்லாருடைய ஃபோனும் பத்து மணிக்கே டோக்கன் போட்டு உள்ளே போய்விட்டது.

அவன் சுலோச்சனாவிடம் ஓடினான். "மேடம், ஒருத்தன் கைலயும் ஃபோன் இல்ல. சாப்பாட்டை எவன் ஆர்டர் பண்ணான்?"

முதல் முறையாக அவள் சிரித்தாள். "சேரன் டெலிவரிக்குப் போடற சிவப்பு டீ-ஷர்ட் அவன் பையில இல்லையே?"

"கோட்டு மட்டுந்தான். மாத்திக்கினாங்கோ!"

"அவனே கிளம்பிப் போயிருக்கான். எங்கேங்கறதுதான் மிச்சம்." அவள் கையிலிருந்த காகிதத்தை மறுபடி பார்த்தாள். "இதை எடுத்தப்ப எப்படி இருந்ததோ அப்படியே மடி பார்ப்போம்."

கரீமுல்லா மடித்தான். வரவில்லை. தடங்களைப் பார்த்து மறுபடி முயன்றான். முதலில் நீளவாக்கில் பாதி. மறுபடி நீளவாக்கில். அப்புறம் குறுக்கே மூன்று மடிப்பு. பெயர் அச்சிட்ட ஓரம் எப்போதும் வெளியே தெரிய வேண்டும். ஒரு சுருக்கம் கிடையாது. மடித்தவன் யோசிக்கவே இல்லை, பழகின கை அது.

"மேடம்," என்றான். "என் ஊட்டுக்காரிகூட ஒரு தபா புடவை எடுக்கப் போயி நாலு மணி நேரம் குந்திக்கினு இருந்தேன். கடைக்காரர் பிரிச்சுக் காட்டிட்டு மடிப்பாரு பாரு, பார்டர் வெளிய தெரியறாப்ல... அச்சு அசல் அதே மடிப்பு."

மணி நாலு முப்பத்தெட்டு.

சுலோச்சனா மேடைக்குப் போனாள். "பையன் கடைக்கு வர்றதுண்டா சார்?"

"கடைக்கா?" சுயம்புலிங்கத்துக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. "வாசப்படிய மிதிக்க விட்டதில்லம்மா. கவுண்டருக்குப் பின்னால முப்பது வருசம் நின்ன காலும்மா இது." வேட்டியை முழங்கால் வரை தூக்கினார். காலெல்லாம் நரம்பு புடைத்து, நீலம் பாரித்துக் கிடந்தது. "ராத்திரி தூங்க முடியாது. எம்புள்ள அங்க நிக்கப்பிடாது. அதுக்குத்தான இம்புட்டும்."

"சாயங்காலத்துல எங்கே இருப்பான்? வாரத்துல எங்கேயாவது தனியாப் போறதுண்டா?"

"அடையார்ல ஸ்பெசல் கோச்சிங். புதன், சனி. ஒரு வருசமா." அவர் நிமிர்ந்தார். "ஏன் கேக்கிய?"

அவள் காகிதத்தை அவரிடம் நீட்டினாள். அவர் பிரித்தார், எழுத்தைப் பார்க்கப் பொறுமையில்லாமல், பேசிக்கொண்டே மடித்தார். நீளவாக்கில் பாதி, மறுபடி நீளவாக்கில், குறுக்கே மூன்று. பெயர் வெளியே தெரிந்தது. தான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. கரீமுல்லாவுக்குப் புல்லரித்தது.

"காலையிலேர்ந்து எங்கெல்லாம் தேடினீங்க?" என்றாள் சுலோச்சனா.

"எக்மோரு, கோயம்பேடு, திருவான்மியூர் பீச்சு... கடை ஆளுக பாதிப் பேரை அனுப்பியிருக்கேன்."

"கடையில தேடினீங்களா?"

அவர் விழித்தார். சுலோச்சனா தன் ஃபோனை எடுத்து, அவர் தலைக்கு மேலே பேனரில் சிரித்த பெண்ணுக்குக் கீழே இருந்த எண்ணுக்கு வீடியோ கால் போட்டாள். "சத்தம் போடாம என் பக்கத்துல நில்லுங்க. கேமராவுல விழ வேண்டாம்."

நான்காவது மணியில் எடுத்தார்கள். திரையில் பளிச்சென்று விளக்கு போட்ட ஒரு சின்ன அறை, வெள்ளைத் துணி விரித்த மேஜை, ஒரு பெண் குரல்.

"வணக்கங்க்கா, முத்துலட்சுமி பேசுதேன். என்ன கலர் பாக்கலாம்?"

"அரக்குல பச்சை பார்டர். உங்ககிட்ட புதுசா ஒரு தம்பி இருக்காராமே, நிதானமா நல்லா காட்டுவார்னு சொன்னாங்க. அவரே காட்டட்டும்."

அந்தப் பக்கம் தயக்கம். கிசுகிசுப்பு. பிறகு முகம் தெரியாமல் இரண்டு கைகள் மட்டும் திரைக்குள் வந்தன. புடவையைத் தட்டிப் பிரித்து, ஒரே வீச்சில் மேஜை முழுக்க விரித்தன.

"இது பாருங்கம்மா, பார்டர்ல சின்னச் சின்ன மாங்கா. வெயில்ல பாத்தா பச்சை, நிழல்ல பாத்தா மயில்கழுத்து. கல்யாணத்துக்கா, நீங்க கட்டவா?" இளம் குரல். அதில் அவசரம் இல்லை. சொல்கிற புடவை மேல் உண்மையான ஆசை இருந்தது. "முந்தியைக் காட்டுதேன்..."

கை எட்டி விரித்தபோது, கடைச் சட்டையின் கைக்கு உள்ளேயிருந்து சிவப்பு டீ-ஷர்ட்டின் ஓரம் எட்டிப் பார்த்தது.

சுயம்புலிங்கம் கழுத்தை நீட்டினார். கைகள் புடவையை மடிக்க ஆரம்பித்தன. அவர் கண்ணைக் கொட்டாமல் அதையே பார்த்தார்.

"எங் கைம்மா இது," என்றார், மூச்சுக்குள். "எனக்கு மாதிரியே மடிக்கான். யாரு சொல்லிக் குடுத்தா?"

சுலோச்சனா அவர் தோளைத் தொட்டு அமர்த்திவிட்டு, ஃபோனைப் பார்த்துச் சொன்னாள். "தம்பி, புடவை ரொம்ப நல்லா இருக்கு. ஒரு விஷயம். சேரனைப் பாத்திர ரூம்ல பூட்டி வெச்சிருக்காங்க. உன்னைக் கடத்திட்டான்னு. அஞ்சு மணிக்குப் போலீஸ் வருது. அவன் வாயே திறக்கலை."

கைகள் நின்றன.

மணி நாலு ஐம்பத்திரண்டு. அந்தப் பையன் ஒரு விரலால் தொட்டால் போதும், ஃபோன் கட்டாகிவிடும். பின் வாசல் வழியே ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இறங்கினால் பிறகு யார் கண்டுபிடிப்பது? கோச்சிங் என்று பொய் சொல்லிவிட்டு, முதலாளி எட்டிப் பார்க்காத அந்த அறையில் பிடித்த வேலையை ஒளிந்து ஒளிந்து செய்தவன், இப்போது முகத்தைக் காட்டினால் எல்லாம் முடிந்தது. கட் பண்ணாதே நைனா, என்று கரீமுல்லா மனசுக்குள் வேண்டிக்கொண்டான்.

திரை ஆடியது. கேமரா திரும்பியது. இருபத்திரண்டு வயது முகம், கண்ணாடி, நெற்றியில் வியர்வை.

"அப்பா அங்க இருக்காங்களா?"

சுயம்புலிங்கம் திரைக்குள் வந்தார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள்.

"சேரன் ஒண்ணும் பண்ணலப்பா. சட்டையும் ஹெல்மெட்டும் கேட்டேன், குடுத்தான். யார்கிட்டயும் சொல்லாதன்னேன், சொல்லல. அவனை விட்டுருங்க." பாலகணேஷ் நெற்றியைத் துடைத்தான். "ஆட்டத்துலயும் அவன்தான் ஜெயிச்சான். நான் தோத்துட்டேன்."

சுயம்புலிங்கம் கதிரேசனைத் திரும்பிப் பார்த்தார். கதிரேசன் சட்டைப்பையிலிருந்து அசல் தாள்கள் இரண்டையும் எடுத்து மேஜையில் வைத்தார். அவர் தலை குனிந்தே இருக்க, சுயம்புலிங்கம் வரிகளை எண்ணினார்.

"ஒம்பது நகர்வுல?" அப்பாவின் குரல் கூடம் முழுக்க அடித்தது. "பதிமூணு வருசம் வாசல்ல நின்னவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சியால? ஒம்பது நகர்வுல நீ தோப்பியா? வேணும்னே தோத்தியா, சொல்லு!"

கரீமுல்லா சுலோச்சனாவைப் பார்த்தான். கதிரேசனும் நிமிர்ந்துவிட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை வந்தால், நடுவர் என்ற முறையில் அவர் அதை எழுதியாக வேண்டும். சேரனும் அங்கேயே முடிந்தான்.

திரையில் இருந்த முகம் பாதி மடித்த புடவையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தது.

"இல்லப்பா," என்றது. "பாக்கல. சிப்பாய் சும்மா நிக்குன்னு எடுத்தேன். அவன் ராணியை விட்டுக் குடுப்பான்னு தோணவே இல்ல. சின்னப் பிள்ளைங்க விழுற பொறிப்பா அது. நான் விழுந்துட்டேன். எனக்கு அவ்வளவுதாம்ப்பா செஸ் வரும்."

சுயம்புலிங்கம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். மாநிலமே மெச்சின பையன், நடுவருக்கு முன்னால், கடை ஆட்களுக்கு முன்னால், தன் பதிமூன்று வருடப் பெயரைத் தானே துடைத்துப் போட்டுவிட்டான். சுலோச்சனா ஒன்றும் தெரியாதவள் போல, "அந்தப் பச்சை பார்டர் எனக்கு எடுத்து வைங்க," என்றாள்.

கதிரேசன் பேனாவை எடுத்தார். போர்டில் 'வெள்ளை' என்றிருந்ததை அடித்தார். லிஸ்டில் சேரன் என்று எழுதினார். எழுத்து தெளிவாக இருந்தது.

சுயம்புலிங்கம் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து, யாரையும் பார்க்காமல் நீட்டினார். "அந்தத் தம்பியத் திறந்து விடுங்க," என்றார். "இன்ஸ்பெக்டருக்கு நான் ஃபோன் போடுதேன்."

பாத்திர ரூமைத் திறந்தபோது, கரீமுல்லா இந்த முறை உள்ளேயே போய்விட்டான். அதை அவன் கவனிக்கவில்லை.

"வா நைனா. லிஸ்ட்ல உன் பேருதான் போவுது. கடத்தலும் இல்ல, ஒண்ணும் இல்ல."

சேரன் எழுந்திருக்கவில்லை. "அவன் இன்னா சொன்னான்?"

"பாக்கலியாம். தெரியாம வுழுந்துட்டானாம்."

சேரன் கண்ணைப் புறங்கையால் துடைத்தான்.

"பொய் சொல்றான் சார் அவன்."

"எனக்கின்னா தெரியும்? எனக்கு கேரம்தான் தெரியும்," என்றான் கரீமுல்லா. "வா, உங்கம்மாவுக்கு ஃபோன் பண்ணு."

வாசலில் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கர்ணகடூரச் சத்தம் கரீமுல்லாவுக்கு இப்போது இனிமையாகக் கேட்டது. வெளியே போகத் துடித்த கால் மேடைப் பக்கம் நின்றது.

சுலோச்சனாவின் ஃபோன் இன்னும் சுயம்புலிங்கத்தின் கையில் இருந்தது. அவர் கட் பண்ணவில்லை. பையனும் கட் பண்ணவில்லை. கோபம் எல்லாம் வடிந்து, என்ன பேசுவது என்று தெரியாமல் இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஆறு மணிக்குக் கூட்டம் வரும்லே," என்றார். "கால் வலிச்சா சொல்லு."